கழுவிய தண்ணீர்

மீன் மாசு கண்காணிப்பு நிலையத்துக்கு ‘மாசு இல்லை’ என்ற ரப்பர் ஸ்டாம்பைச் செய்து கொடுத்தவன் நான்தான். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. ஊரில் ஸ்டாம்ப் செய்கிறவன் நான் ஒருவன், அதனால் என்னிடம் வந்தார்கள். எழுத்து மழுங்கிப் போகும்போதெல்லாம் அதே ஸ்டாம்பைத் திரும்பவும் செய்து கொடுப்பேன். மற்ற ஆபீஸ்களுக்குச் செய்து கொடுத்தது வருஷக்கணக்கில் உழைக்கும். இவர்களுடையது மட்டும் செருப்பைவிட வேகமாகத் தேயும். ஒரு முறை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ‘மாசு உண்டு’ என்றும் ஒன்று செய்து தரட்டுமா என்று கேட்டுவிட்டேன். வாங்க வந்த ஊழியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதுவரை அப்படி ஒன்று தேவைப்படவில்லை என்றார்.

அன்றைக்கு அது எனக்கு நல்ல சேதியாகத்தான் பட்டது. ஆலையின் குழாய் கழிமுகத்தில் வந்து விழுகிற இடம் என் கடையிலிருந்து பார்த்தாலே தெரியும். தண்ணீர் ஒரு நாள் பச்சையாக வரும், ஒரு நாள் துரு நிறத்தில் வரும், நுரை கரையேறி ரோட்டுக்கே வந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் வாழ்கிற மீனில் மாசே இல்லையென்று அவ்வளவு பெரிய கட்டிடம் சொல்கிறதென்றால், மீன்கள் கெட்டிக்காரத்தனமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கின்றன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நமக்கென்ன வந்தது என்றும் நினைத்தேன். என் தங்கை வயிற்றில் பிள்ளை உண்டாகும் வரை அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து நின்ற கரு அது. நின்றதே பெரிய விஷயம் என்று நாங்கள் சந்தோஷப்படுவதற்குள் வாந்தி ஆரம்பித்துவிட்டது. சோறு இறங்கவில்லை. பால், பழம், ரொட்டி எதுவும் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால்கூடக் குமட்டினாள். கடைசியில் அவள் வயிறு ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், மட்டிச் சிப்பி. வீட்டுக்குப் பின்னாலேயே கழிமுகம். தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கிக் காலால் துழாவினால் மட்டி கிடைக்கும். உப்புப் போட்டு அவித்து, ஓட்டைப் பிரித்து, சுடச்சுடத் தின்பாள். அது மட்டும் உள்ளே நின்றது. காலையும் மட்டி, மாலையும் மட்டி. அவள் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறியதைப் பார்த்து அவள் புருஷன் தானே சேற்றில் இறங்க ஆரம்பித்தார்.

பிறகு அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயின. டம்ளரைக் கையில் கொடுத்தால் நழுவ விட்டாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் நல்லவர். என்ன சாப்பிடுகிறாய், எந்தத் தண்ணீரில் எடுத்தது என்று விசாரித்தார். கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“அந்த மட்டியில ஆலைக் கழிவு, உலோகம் கிலோகம் இருந்தா, அது நேரா குழந்தைக்குப் போகும். மூளை, கண்ணு, காது, எதை வேணாலும் பாதிக்கலாம். ஆனா வேற எதுவுமே உள்ள நிக்கலைங்கும்போது இதையும் நிறுத்துன்னு சும்மா சந்தேகத்துல சொல்ல எனக்கு மனசு வரலை. ஏற்கெனவே எடை இறங்கிட்டே வருது. அந்த நிலையத்துல போய்க் கேளுங்க. இருக்கா, இல்லையா, ஒரே வார்த்தை. அதை வெச்சு நான் சொல்லிடறேன்.”

ஒரே வார்த்தைதானே. இதற்கா கவலைப்படப் போகிறோம் என்று வெளியே வந்தோம்.

தங்கை புருஷன், என் மாப்பிள்ளையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். ஒரு சுற்றுக் குறைந்தாலும் பிரித்துவிட்டு முதலிலிருந்து கட்டுவார். மோட்டார் எப்படி ஒழுங்காகக் கட்டினால் ஒழுங்காக ஓடுகிறதோ, அப்படியே உலகத்தில் எல்லா ஆபீஸும் ஓடுகிறது என்று நம்புகிற அப்பாவி. பெரிய கட்டிடத்தைப் பார்த்தால் அவருக்குத் தானாகவே குரல் இறங்கிவிடும். எனக்கு ஏறும். இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார், ஒரு தகரடப்பாவில் மட்டியை எடுத்துக்கொண்டார்.

நிலையத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பளிங்கு மீன். அதன் கீழே ‘உங்கள் தட்டில் எங்கள் கண்’ என்று பொறித்திருந்தது. உள்ளே மாதிரி வாங்குகிற மேசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அங்கே எல்லோரும் அவரை மாதிரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இது உணவுதானா என்று கேட்டார். நிலையம் உணவுக்குப் பிடிக்கிற மீனையும் மட்டியையும்தான் சோதிக்கும், உணவல்லாததைச் சோதிக்க விதியில்லையாம். மாப்பிள்ளை விழித்தார். அது உணவா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறோம் என்றார்.

“அதெப்படிங்க? சாப்பிடக்கூடிய பொருளா இருந்தாதான் நாங்க சோதிப்போம். சாப்பிடக்கூடாததைச் சோதிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்? இது சாப்பிடத் தகுந்ததுதான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாதான் உள்ளயே வாங்குவேன்.”

சாப்பிடலாமா என்று கேட்க வந்தவர், சாப்பிடலாம் என்று கையெழுத்துப் போட்டார். நான் தடுத்திருக்கலாம். எனக்கே அது ஏதோ சடங்கு மாதிரித்தான் பட்டது. இப்படி எத்தனை கையெழுத்தை நாம் படிக்காமல் போட்டிருக்கிறோம்.

கையெழுத்து வாங்கிய பிறகு அந்த அம்மா இன்னொன்று சொன்னார். மட்டியில் சேறு இருக்கிறது, அழுக்கு மாதிரியை இயந்திரத்துக்குள் விட முடியாது. சேற்றில் வாழ்கிற மட்டியில் சேறு இல்லாமல் சந்தனமா இருக்கும் என்று நான் குரலை உயர்த்தவும், பக்கத்து அறையிலிருந்து இயக்குநரே வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டு, வழுவழுப்பான முகம், சிரித்த வாய். பொதுமக்கள் இயந்திரத்தைப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு என்று அவராகவே முடிவு செய்துகொண்டு எங்களைக் கூட்டிப் போனார்.

இயந்திரம் கண்ணாடி அறைக்குள் இருந்தது. அதற்குத் தனி ஏசி, தனித் திரை, தனிக் காவலாள். நாங்கள் நின்ற இடத்தில் மின்விசிறிகூடக் கிடையாது. உள்ளே ஒருவர் மெத்தென்ற துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலையே அதுதான். இயக்குநர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“இது ரொம்ப நுணுக்கமான கருவி. இதுல ஒரு துளி மாசு பட்டாலும் போச்சு, ரிப்பேர் பண்ண இங்க யாருக்கும் தெரியாது. அதனால மாசு இதுக்குள்ள போகாம பாத்துக்கறதுதான் இந்த நிலையத்தோட முதல் கடமை. நாங்க வந்த நாள்லேருந்து ஒரு துளி போக விட்டதில்லை.”

மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியென்றால் மாசை எப்படி அளப்பீர்கள் என்று பணிவாகக் கேட்டார். அவர் நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்டார். இயக்குநருக்கும் அது புரிந்தது, அதனால் கோபிக்கவில்லை.

“சுத்தமான மாதிரியைக் கொடுத்துப் பாருங்க, எவ்வளவு சுத்தம்னு தசமப் புள்ளிக்கு அப்புறம் எட்டு இலக்கம் வரைக்கும் சொல்லும். உலகத்துலயே இவ்வளவு துல்லியம் கிடையாது.”

வழக்கமாக நிலையம் மாதிரியை எங்கே வாங்கும் என்று கேட்டேன். ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கண்ணாடிக் கடையில், வேறு கடலிலிருந்து ஐஸில் வருகிற மீனை வாங்குவார்களாம். பார்க்கவே பளபளவென்று இருக்குமாம். பொதுமக்கள் கொண்டுவருவதை மட்டும் கழுவித்தான் வாங்குவார்களாம். கழுவுவதென்றால் குழாயடியில் காட்டுவதல்ல. ஆழ்கடலிலிருந்து எடுத்த சுத்தமான உப்புத் தண்ணீரில் மட்டியை உயிரோடு போட்டு, காற்று ஊதி, தினமும் தண்ணீரை மாற்றி, வெளியே ஊற்றுகிற தண்ணீர் கண்ணாடியாக வருகிற வரை வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதற்கென்று நிலையத்திலேயே ஒரு தொட்டி உண்டு, ஆனால் அதன் மோட்டார் எரிந்து கிடக்கிறது. மோட்டார் என்றதும் மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. சாயந்தரத்துக்குள் கட்டிக் கொடுத்துவிடுகிறேன், கூலி வேண்டாம் என்றார். வெளியாள் தொடக்கூடாது என்றார் இயக்குநர். டெண்டர் விடவேண்டும். ஆனால் வீட்டிலேயே கழுவிக் கொண்டுவந்தால் ஆட்சேபணையில்லை.

புறப்படும்போது மாப்பிள்ளை அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார்.

“அதுவரைக்கும் அவ சாப்பிடலாமா சார்? டாக்டரம்மா ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

“முடிவு வர்ற வரைக்கும் பாதுகாப்பானதுன்னுதான் எடுத்துக்கணும். சந்தேகம்னு வந்தா அதோட பலனை மட்டிக்குத்தான் கொடுக்கணும். இல்லாட்டி பீதி பரவிடும். பீதி உடம்புக்கு ரொம்பக் கெடுதல், அதுவும் கர்ப்பிணிக்கு.”

தங்கை வீட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை ஒரு பழைய மோட்டாரைக் கட்டி, குழாய் பொருத்தி, குமிழ் குமிழாகக் காற்று வரும்படி செய்தார். ஆழ்கடலுக்குப் போகிற படகுக்காரர் ஒருவர் கேனில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நிலையத்திலிருந்து மாதிரியம்மா நேரில் வந்து மட்டிகளை எண்ணி, மூடியில் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார். அந்த முத்திரையும் நான் செய்ததுதான். தண்ணீர் மாற்றும்போது மட்டும் மூடியைப் பக்கவாட்டில் கொஞ்சம் திறக்கலாம், ஒரு மட்டி குறைந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் முறை தண்ணீரை வடித்தபோது மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சாக்கடைத் தண்ணீரே தோற்றுவிடும். மேலே எண்ணெய் மாதிரி நிறம் நிறமாக ஒரு படலம். கொல்லையில் ஊற்றினோம், அந்த இடத்தில் புல் கருகிப்போனது. பிறகு நாளுக்கு நாள் தெளிய ஆரம்பித்தது. மாப்பிள்ளை தொட்டியின் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தார். மட்டிக்குக் காற்று வருகிறதா, மட்டிக்கு வெயில் படுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கருவுற்றிருப்பது தொட்டியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதே நேரத்தில் என் தங்கை அடுப்படியில் உட்கார்ந்து, அதே சேற்றிலிருந்து அன்றைக்கு எடுத்த கழுவாத மட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். நிறுத்திப் பார்க்காமல் இல்லை. மாப்பிள்ளை கெஞ்சி நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். அப்புறம் குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்து, மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வந்தோம். வயிற்றில் பிள்ளை வளரவில்லை என்றார் டாக்டரம்மா. நிலையம் என்ன சொன்னது என்று கேட்டார். கழுவிக்கொண்டிருக்கிறோம் என்றோம். மறுநாள் மட்டி அடுப்பேறியது.

அவள் ஒரு நாள் தொட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “அதுங்க எல்லாம் சுத்தமாயிட்டு வருது. அதுங்க அழுக்கை நான் தின்னுட்டு இருக்கேன். அதுல ரெண்டை எடுத்துக் குடேண்ணே.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முத்திரையாவது மண்ணாங்கட்டியாவது, நான் செய்த முத்திரை, இன்னொன்று செய்து ஒட்டிவிடுகிறேன், திறங்கள் மாப்பிள்ளை என்று கத்தினேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எண்ணிக்கை குறைந்தால் மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டும் மச்சான், அதற்குள் பிள்ளை பிறந்துவிடும், அந்த ஒரு வார்த்தை மட்டும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவர் சொன்னதில் கணக்குத் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

தண்ணீர் கண்ணாடியாக வந்த அன்று தொட்டியை நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கூடவே ஒரு தாள் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் கடைசியில் ‘வேறு ஏதேனும் குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்குமே, யாராவது அதை நிரப்பிப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் ஒரு கோடு இழுத்துவிட்டு வருவோம். என் மாப்பிள்ளை நிரப்பினார். முதலில் தண்ணீர் கறுப்பாக வந்தது, கொல்லையில் ஊற்றிய இடத்தில் புல் கருகியது, இப்போது தெளிந்துவிட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். விஷயம் தெரிந்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்தாராம்.

முடிவு வந்தது. மாசு இல்லை. இயக்குநர் எங்களை உட்கார வைத்தே பேசினார். இவ்வளவு சுத்தமான மட்டியை இந்த நிலையம் இதுவரை கண்டதில்லையாம், இயந்திரமே ஒரு கணம் நம்ப மறுத்ததாம். இத்தனை நாளும் இந்தக் கழிமுகத்திலிருந்து யாரும் மாதிரி கொடுத்ததில்லை, அதனால் இதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாமல் இருந்தது, இப்போது ஆதாரபூர்வமாகச் சொல்லலாம் என்றார். சொல்லவும் சொன்னார். ஒரு விழாவே வைத்துச் சொன்னார்.

பளிங்கு மீனுக்கு முன்னால் மேடை போட்டார்கள். ஆலையின் மேலாளர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். தங்கையை மேடையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கழிமுகத்து மட்டியை ஆவி பறக்க ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லோரும் பார்க்க அவள் சாப்பிட வேண்டும். அவளுக்கோ பசி. சாப்பிட்டாள். விரல் மரத்திருந்ததால் ஓட்டைப் பிரிக்க முடியாமல் திணறினாள், இயக்குநர் அன்போடு பிரித்துக் கொடுத்தார். தங்கை தட்டை அவர் பக்கம் நகர்த்தியபோது மட்டும் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். தான் அந்தக் கண்ணாடிக் கடை மீனைத் தவிர வேறு எதையும் வாயில் வைப்பதில்லை, பழக்கமாகிவிட்டது என்றார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“இந்தத் தண்ணியில மாசு இருக்குன்னு சொல்றவங்களுக்கு நான் ஒண்ணு சொல்லிக்கறேன். வாயால சொன்னா போதாது. மாதிரியைக் கொண்டு வரட்டும். நல்லா கழுவிக் கொண்டு வரட்டும். அப்புறம் பாப்போம்.”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மாப்பிள்ளையும் தட்டினார்.

மேடையை விட்டு இறங்கும்போது மாப்பிள்ளை இயக்குநரிடம், இனிமேல் வீட்டில் சாப்பிடுகிற மட்டியையும் அதே மாதிரி கழுவிவிட்டுச் சாப்பிடலாம் என்று இருக்கிறோம், தொட்டிதான் இருக்கிறதே என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் அதுதான் திட்டம். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விழாவில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளே புது மட்டியைத் தொட்டியில் போட்டோம். இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்குச் சுத்தமான மட்டி கிடைத்துவிடும் என்ற நினைப்பில் நான் என் கடையில் பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

அந்த வாரத்திலேயே நிலையத்து வண்டி வந்து வாசலில் நின்றது. கொல்லையில் புல் கருகிய இடத்தை அளந்து, கயிறு கட்டி, படம் எடுத்தார்கள். மாப்பிள்ளையை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அந்தக் குறிப்புக் கட்டத்தை யாரோ படித்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் நிலையத்துக்கு எழுத்துமூலமாக வந்த முதல் மாசுப் புகார் அதுவாம், கொடுத்தவரும் செய்தவரும் ஒரே ஆள் என்பதால் விசாரணையும் சுலபமாகிவிட்டதாம்.

“தண்ணி கறுப்பா வந்துதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதை வெளிய ஊத்தினேன்னும் எழுதியிருக்கீங்க. மாசுபட்ட தண்ணியை அனுமதியில்லாம வெளியேத்தறது குற்றம்” என்றார் இயக்குநர். முகத்தில் அதே சிரிப்பு.

“அந்த அழுக்கு மட்டியிலேருந்து வந்ததுதானே சார்” என்றார் மாப்பிள்ளை.

“மட்டி சுத்தம். அது நிரூபணம் ஆயிடுச்சு. அதுக்கு நாங்க விழாவே நடத்திட்டோம். அது போக, சாப்பிடத் தகுந்த மட்டின்னு முதல் நாளே நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படகுக்காரர் கொண்டு வந்தது நல்ல தண்ணி. நல்ல மட்டி, நல்ல தண்ணி. ரெண்டும் உங்க வீட்டுக்குள்ள போயிருக்கு, வெளிய வரும்போது அழுக்கா வந்திருக்கு. இப்ப நீங்களே சொல்லுங்க, மாசு எங்கேருந்து வருது?”

மாப்பிள்ளை யோசிக்க ஆரம்பித்துவிட்டார். மோட்டார் ஓடவில்லையென்றால் தன் கட்டுமானத்தில்தான் தப்பு இருக்கும் என்று நினைக்கிற ஆள், வீட்டில் தொட்டி சரியில்லையோ என்று யோசிப்பது எனக்குத் தெரிந்தது. நான்தான் ஆலைக் குழாயைப் பற்றிக் கேட்டேன். ஆலை தண்ணீரைத்தான் விடுகிறது, மீனை விடுவதில்லை, தண்ணீர் தங்கள் வரம்பில் வராது என்றார். அப்படியானால் எங்கள் கொல்லைத் தண்ணீர் எப்படி வரம்பில் வந்தது என்று கேட்டேன். அது மட்டி கழுவிய தண்ணீர், மட்டி சம்பந்தப்பட்டது என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. அவர்கள் பக்கம் எங்கே தட்டினாலும் கதவு உள்பக்கமாகவே தாழ் போட்டிருந்தது.

வீட்டில் மட்டி கழுவுவதற்குத் தடை என்று உத்தரவு போட்டுத் தொட்டியையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மட்டியைத் தின்னத் தடையில்லை, அது சுத்தமானது. மாப்பிள்ளை கடைசியாக ஒன்று கேட்டார். மட்டி வேண்டாம் சார், என் பெண்டாட்டியின் தலைமுடியையோ இரத்தத்தையோ அந்த இயந்திரத்தில் பார்த்துச் சொல்லுங்கள், என்ன தண்டனை கொடுத்தாலும் கட்டுப்படுகிறேன் என்றார். இயக்குநர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“மனுஷங்க எங்க வரம்புல வர மாட்டாங்க. சாப்பாட்டுக்காகப் பிடிக்கிற உயிர்கள் மட்டும்தான். யாராவது உங்க சம்சாரத்தைச் சாப்பிடறதா இருந்தா சொல்லுங்க, பாக்கலாம்.”

அதை அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை வெளியே வந்து அந்தப் பளிங்கு மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

டாக்டரம்மா முடிவைப் படித்தார். மாசு இல்லை என்று என் ஸ்டாம்ப் பளிச்சென்று விழுந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். அப்படியென்றால் விரல் மரத்துப்போவது சத்துக் குறைவாக இருக்கும், தைரியமாகச் சாப்பிடச் சொல்லுங்கள், வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வார்த்தை கேட்டார், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நாங்கள். அந்தத் தண்ணீர் கறுத்த கதையை நான் சொன்னேன். சர்க்கார் நிலையம் சோதித்துச் சொன்ன பிறகு உங்கள் கொல்லைப் புல்லை வைத்து நான் என்ன செய்ய முடியும் என்று அவர் கேட்டது நியாயம்தான். தங்கை பிரசவத்துக்குப் போகிற நாள் வரை மட்டி தின்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல நிறம், நல்ல எடை, தலை நிறைய முடி. தங்கை முகத்தைப் பார்க்க வேண்டுமே, இத்தனை வருஷத்து ஏக்கமும் ஒரே நாளில் கரைந்துபோயிருந்தது. பிறகு வாந்தி நின்றுவிட்டது, எல்லாம் சாப்பிட்டாள், மட்டியைத் தொடவேயில்லை. குழந்தையும் குணமான குழந்தை. தெருவில் லாரி போனாலும் தூங்கும், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மோட்டாரை ஓடவிட்டாலும் தூங்கும். பாத்திரம் விழுந்தாலும் முழிக்காத இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். நாங்களும் சிரித்தோம்.

குழந்தை குப்புற விழுந்து தவழப் பார்க்கிற பருவத்தில் நிலையத்திலிருந்து அதே ஊழியர் என் கடைக்கு வந்தார். ஒரு புது ஸ்டாம்ப் வேண்டும் என்றார். மாப்பிள்ளையின் வழக்கை முடிக்க முடியாமல் கிடக்கிறதாம், அதற்குரிய ஸ்டாம்ப் நிலையத்தில் இல்லாததால் தாளில் குத்த முடியவில்லையாம், வாசகத்துக்கும் அளவுக்கும் ஒப்புதல் வாங்கவே இத்தனை மாதமாகிவிட்டதாம். ‘மாசு உண்டு’. பெரிய எழுத்து, பெரிய கட்டைப் பிடி. அந்த வீட்டுக் கதவில் ஒட்டப்போகிற அறிவிப்பிலும் குத்த வேண்டும் என்பதால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்றார். செய்ய மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் அவர்கள் வெளியூரில் செய்துகொள்வார்கள், என் தங்கை வீட்டுக்கு வருகிற எழுத்தாவது கோணாமல் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன். கேவலமான சமாதானம்தான்.

செய்து முடித்த அன்று தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். குழந்தையை என் மேசையின் மேலே, என் பக்கம் பார்த்து உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஸ்டாம்பைச் சரிபார்க்க வேண்டும். அந்த அளவுக் கட்டையில் மெல்ல வைத்தால் எழுத்து விழாது, ஓங்கிக் குத்த வேண்டும். மையில் தொட்டு, தாளின் மேல் ஓங்கிக் குத்தினேன். மேசையில் இருந்த டப்பாக்கள் குலுங்கின. ரோட்டில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

தங்கை தாளைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அதைத் தூக்கி, அதன் முதுகு என் பக்கம் இருக்கும்படி, மேசையின் அதிர்வு படாதபடி தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இன்னொரு தடவை குத்துண்ணே” என்றாள்.

குத்தினேன்.

“இன்னும் பலமா.”

இரண்டு கையாலும் பிடித்து, எழுந்து நின்று குத்தினேன். மைப்புட்டி உருண்டு கீழே விழுந்து உடைந்தது. மாசு உண்டு, மாசு உண்டு என்று தாள் முழுக்க விழுந்தது. குழந்தை அவள் தோளில் கிடந்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், அவள் காதில் தொங்குகிற ஜிமிக்கியை விரலால் ஆட்டி ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவை” என்றாள்.